என் ராத்திரி மாத்திரையும் அத்தையின் பயமும்

எங்கள் முசிறியில் அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்பது தெரியாமல் போனாலும் போகும். என்ன மாத்திரை என்பது தெரியாமல் போகாது! சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்றால் யாருக்கும் கூச்சமில்லை. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டே, "ஏங்க, என் டப்பாவை எடுங்க" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுவோம். தூக்கத்துக்கு மாத்திரை, மனசுக்கு மாத்திரை என்றால் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். வலிப்பு மாத்திரை என்றாலோ கேட்கவே வேண்டாம். பெண் இருக்கிற வீடாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள்.

நான் ராத்திரியில் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றி எந்த மருந்துப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதலில் வருவது வலிப்பு நோய்தான். எனக்கோ வலிப்பு கிடையாது, எந்நாளும் வந்ததும் கிடையாது. அப்படியிருக்க ஏன் சாப்பிடுகிறேன் என்பதை என் வீட்டுக்கும், தெருவுக்கும், பெண் பார்க்க வந்தவர்களுக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சகோதரிகளுக்கும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நம்மில் எத்தனையோ பேர் இதே மாதிரி மருந்துகளை எதற்கென்றே தெரியாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

2023 தீபாவளிக்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. அப்போது வயது 46. படுத்தவுடன் தூங்கிவிடுவேன். ஒன்றரை, இரண்டு மணிக்கு யாரோ தட்டி எழுப்பியதுபோல் விழிப்பு வரும். நெஞ்சு தடதடவென்று அடிக்கும். கழுத்திலும் மார்பிலும் அனல் வீசி, ரவிக்கை நனைந்துபோகும். அது அடங்கினால் யோசனை ஆரம்பிக்கும். பெரியவளுக்கு வரன் அமையவில்லையே, சின்னவள் ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிட்டாளோ, அவருக்கு பிரஷர் ஏறிவிட்டால் என்ன செய்வது, கேஸை மூடினேனா... பகலில் இதெல்லாம் இரண்டு நிமிஷத்தில் தள்ளிவிட்டுப் போகிற விஷயங்கள். நடுராத்திரியில் ஒவ்வொன்றும் மலையாக வந்து நெஞ்சின்மேல் உட்காரும். பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குறட்டையைக் கேட்டால் வருகிற ஆத்திரம் தனி!

விடிந்தால் தலை பாரம். தோசைக்கல்லைப் பார்த்தபடியே நின்றுவிடுவேன். மருதாணி போட்டுப் பார், கசகசா பால் குடித்துப் பார் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். குணசீலம் எங்களுக்குப் பக்கம்தான். மனம் கலங்கியவர்களை அந்தக் கோயிலில் 48 நாள் தங்கவைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அத்தை (என் மாமியார்தான்) "ஒரு நடை போய் வரலாமே" என்று மெதுவாகக் கேட்டார். போய்த் தரிசனம் பண்ணிவிட்டு, அப்படியே திருச்சி பஸ்ஸில் ஏறி, தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம்.

அவர் எடுத்த எடுப்பில் தூக்க மாத்திரை எழுதவில்லை. தைராய்டு, ரத்த அளவு, சர்க்கரை, ஈசிஜி எல்லாம் பார்த்தார். ரத்தம் கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் சரி என்றார். மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் வரும் உடம்புச் சூடும், அதோடு பதற்றமும் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்றார். முதலில் அவர் கொடுத்தது பதற்றத்துக்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை. அது என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரம் பார்த்தும் குமட்டல் நிற்கவில்லை. பிறகுதான் 2024 ஆனியில், காபாபென்டின் என்ற கேப்ஸ்யூலை எழுதினார். முதலில் 100 மில்லிகிராம், பத்து நாளில் 300. ராத்திரி ஒரு வேளை.

அதை வாங்கப்போன இடத்தில்தான் வினை வந்தது. மருந்துக் கடையில் சாயங்காலக் கூட்டம். கடைப்பையன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஃபிட்ஸுக்குக் குடுக்கறதாச்சேக்கா, வீட்டுல யாருக்கு?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் எங்கள் தெரு. நான் மாத்திரையோடு வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து அத்தை என்னைத் தனியாக அடுப்பண்டை விடவில்லை. சோறு வடிக்கப் போனால் பின்னாலேயே வந்து நிற்பார். மொட்டை மாடியில் வடகம் காயவைக்கப் போனால், "நீ இரு, நான் போறேன்" என்று எழுபத்தைந்து வயதில் படியேறுவார். கிணற்றங்கரைக்குப் போகவே கூடாது. குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். "அத்தை, எனக்கு அந்த நோய் இல்லை" என்று சொன்னால் தலையை ஆட்டுவார். மறுபடி பின்னால் வந்து நிற்பார்.

ஒருநாள் ராத்திரி அவரே சொன்னார். அவருடைய தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டாம். கார்டினால் மாத்திரை கொடுத்து வந்தார்களாம். மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் நன்றாகத்தான் இருந்தாராம், வயல் வேலைகூடப் பார்த்திருக்கிறார். பிறகு யாரோ, "இது சூடு, உடம்பு கெட்டுப்போகும்" என்று சொல்ல, நிறுத்திவிட்டார்கள். நாலாம் நாள் காவிரியில் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. இருபத்திரண்டு வயது. "இடுப்பளவு தண்ணிதான்மா" என்றார் அத்தை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அப்படி ஒரு தம்பி இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வலிப்பு என்கிற சொல் காதில் விழுந்ததும் அவர் ஏன் என் பின்னால் நிழலாகத் திரிந்தார் என்பது புரிந்தது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை. "அடுத்த தடவை நீங்களும் என்கூட டாக்டரம்மாகிட்ட வாங்க அத்தை. உங்க வாயாலேயே கேளுங்க" என்றேன்.

வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "இவளுக்கு வலிப்பா, இல்லையா? ஒளிக்காமச் சொல்லுங்க" என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதுவே எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டியது. "இல்லை பாட்டி. வலிப்புங்கறது மூளையில நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்துல கட்டுமீறி வேலை செய்யறது. பால் பொங்கி அடுப்பு மேல வழியுற மாதிரி. பதற்றம் அப்படி இல்லை. பால் பொங்கலை, ஆனா தளதளன்னு கொதிச்சுக்கிட்டே இருக்கு. இந்த மருந்து அடுப்பைக் கொஞ்சம் தணிக்கும். ரெண்டுக்கும் உதவுங்கறதால ரெண்டும் ஒரே நோய் ஆயிடாது" என்றார்.

லேபிளுக்கு வெளியே கொடுப்பது என்று இதற்குப் பெயராம். டாக்டர்கள் 'ஆஃப் லேபிள்' என்பார்கள். ஒரு மருந்தை எந்த நோய்க்கு என்று சோதித்துக் காட்டி அரசாங்கத்திடம் அனுமதி வாங்குகிறார்களோ, அதுதான் அதன் குறிப்பில் வரும். பிற்பாடு வேறொன்றுக்கும் உதவுகிறது என்று தெரிந்தால், மறுபடியும் செலவு செய்து சோதித்து அனுமதி கேட்க வேண்டும். பல மருந்துகளுக்குக் கேட்பதில்லை. ஆனாலும் டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் எழுதுவதுண்டு.

அத்தை விடவில்லை. "அப்போ இவளுக்கு இருக்கற கோளாறுக்கு இது கேக்கும்னு யாரு சோதிச்சுப் பார்த்தாங்க?"

மூன்றாம் வகுப்போடு நின்றவர் அத்தை. நானும் பத்தாவது வரை படித்தவள், எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை பாருங்கள்! டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். மாதவிலக்கு நிற்கும் காலத்து உடம்புச் சூட்டுக்கு இதை நன்றாகவே சோதித்திருக்கிறார்கள். பதற்றத்துக்குச் சின்னச் சின்ன சோதனைகள்தான் நடந்திருக்கின்றன. உறுதியாகச் சொல்ல அவை போதாது. "இவங்களுக்கு ராத்திரி சூடுதான் முதல்ல எழுப்புது, பதற்றம் பின்னால வருது. அதனால இதைத் தேர்ந்தெடுத்தேன். மூணு மாசம் பார்ப்பேன். பலன் இல்லைன்னா கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடுவேன்" என்றார். வெளியே வந்ததும் அத்தை, "அந்தப் பொண்ணு தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லுது, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது. நீ சாப்பிடு" என்றார்.

என் சின்ன மகள் பி.பார்ம். கடைசி வருஷம். அவள் லீவுக்கு வந்தபோது அம்மாவின் மாத்திரைதான் அவளுக்குப் பாடம். தூக்கமும் வலிப்பும் மருந்து அலமாரியில் இன்று நேற்றல்ல, நூற்றைம்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீடு என்றாள். 1857-இல் இங்கிலாந்தில் சார்லஸ் லோகாக் என்பவர் வலிப்புக்கு புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். இவர் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்த டாக்டர்! பிறகு அதே புரோமைடை மனசை அமைதிப்படுத்தவும் தூங்கவைக்கவும் ஊரெல்லாம் குடித்தார்கள். 1912-இல் ஜெர்மனியில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஹாப்ட்மன் என்ற இளம் டாக்டர் வலிப்பு நோயாளிகள் இருந்த வார்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தாராம். ராத்திரி அவர்களுக்கு வருகிற வலிப்பால் அவருக்குத் தூக்கம் போயிற்று. அவர்கள் தூங்கட்டும் என்று அப்போது புதிதாக வந்த தூக்க மருந்தைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் தூங்கியது மட்டுமில்லை, வலிப்பும் குறைந்துவிட்டது. அந்தத் தூக்க மருந்துதான் ஃபீனோபார்பிட்டால். அத்தையின் தம்பி சாப்பிட்ட கார்டினால் அதுவேதான். இதைச் சொன்னதும் அத்தை வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் சாப்பிடுகிற காபாபென்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993-இல், வலிப்புக்கு. 2002-இல் அக்கி வந்து ஆறிய பிறகும் நிற்காத நரம்பு வலிக்கும் அனுமதி கொடுத்தார்கள். நம் மூளையிலேயே 'காபா' என்று அமைதிப்படுத்துகிற ஒரு பொருள் இருக்கிறது. அதைப்போல் ஒன்றைச் செய்யப் பார்த்துத்தான் இதைச் செய்தார்களாம். கடைசியில் பார்த்தால் இது காபா வேலை செய்கிற இடத்துக்கே போவதில்லை. நரம்பில் கால்சியம் நுழைகிற வாசலில் போய் ஒட்டிக்கொள்கிறது. போகச் சொன்ன இடத்தை விட்டு வேறு கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிற ஆண்பிள்ளைகள் மாதிரி என்றேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

இதன் உறவுக்கார மருந்து ப்ரிகாபலின். அதற்குப் பதற்ற நோய்க்கென்றே 2006-இல் ஐரோப்பாவில் அனுமதி கொடுத்தார்கள். அமெரிக்காவில் அதே நோய்க்கு அனுமதி இல்லை. ஒரே மாத்திரை, கடலுக்கு இந்தக் கரையில் லேபிளுக்கு உள்ளே, அந்தக் கரையில் வெளியே. உடம்புச் சூட்டுக்கோ கதை வேறு. மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஆராயும் வட அமெரிக்கச் சங்கம் 2023-இல் வெளியிட்ட பரிந்துரையில் காபாபென்டினைக் கொடுக்கலாம் என்றும், ப்ரிகாபலின் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே 'லேபிளில் இல்லை' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மருந்தைக் கெட்டது என்று தள்ளவும் முடியாது, நல்லது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது.

கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் மகள் இரண்டு கதை சொன்னாள். இதே காபாபென்டினை அமெரிக்காவில் விற்ற கம்பெனி, அனுமதி இல்லாத நோய்களுக்கெல்லாம் இது நல்லது என்று டாக்டர்களிடம் பிரசாரம் செய்தது. டேவிட் ஃப்ராங்க்ளின் என்ற விஞ்ஞானி அங்கே வேலைக்குச் சேர்ந்து, சில மாதத்திலேயே மனம் பொறுக்காமல் வெளியே வந்து, 1996-இல் வழக்குப் போட்டார். வழக்கு எட்டு வருஷம் நடந்தது. 2004-இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. மருந்து அதே மருந்துதான். டாக்டர் நோயாளியைப் பார்த்து யோசித்து எழுதுவது ஒன்று, விற்பனைக்காக எல்லோர் வாயிலும் போடுவது வேறொன்று.

இன்னொரு கதைதான் எனக்கு மயிர்க்கூச்செறிய வைத்தது. டியாகபின் என்று ஒரு வலிப்பு மருந்து. அதை வலிப்பே இல்லாதவர்களுக்கு வேறு கோளாறுகளுக்காக லேபிளுக்கு வெளியே கொடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு, வாழ்நாளில் இல்லாத வலிப்பு வந்துவிட்டது! 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே அத்தை கேட்டாரே, யார் சோதித்தார்கள் என்று, அது வெறும் கிழவி கேள்வி இல்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். முதல் வாரம் தலை சுற்றியது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். கணுக்கால் கொஞ்சம் வீங்கி, கொலுசுத் தடம் பதிந்தது. பிறகு எல்லாம் சரியாயிற்று. மூன்றாம் வாரத்திலிருந்து ராத்திரிச் சூடு குறைந்து, நாலு மணி வரை தூங்கினேன். அந்த நாலு மணி எனக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் மாத்திரைதான் செய்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டரம்மா மாத்திரையோடு வேறு வேலையும் கொடுத்திருந்தார். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் கூடாது. இரண்டு மணிக்கு மேல் காபி கூடாது (இதுதான் எனக்குப் பெரிய தண்டனை). தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல், எழுந்து வேறு அறைக்குப் போய் ஏதாவது சாதுவான வேலை செய்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுக்க வேண்டும். நான் நடுராத்திரியில் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரிப் பயிற்சியைத்தான் செய்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உள்மருத்துவர்களின் அமைப்பு 2016-லேயே சொல்லியிருக்கிறதாம். மாத்திரை வாங்கினால் போதும், இதெல்லாம் யார் செய்வது என்றுதான் நமக்கு இருக்கும்.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள், "எனக்கும் தூக்கமே இல்லடி, உன்னோடதுல நாலு குடேன்" என்று கை நீட்டினார். பாசமான மனுஷி, அவர் வீட்டு மோர் இல்லாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனாலும் கொடுக்கவில்லை. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. அவருக்கோ சிறுநீரகத்தில் கோளாறு. அதற்கு அளவைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். மூச்சுத் தொந்தரவு வேறு உண்டு. மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் வயதானவர்களும் இதைச் சாப்பிட்டால் மூச்சு மந்தப்படலாம் என்று 2019-இல் எச்சரிக்கை வந்திருக்கிறது. சிலர் இதைப் போதைக்கும் பயன்படுத்துவதால் இங்கிலாந்தில் அதே வருஷம் காபாபென்டினையும் ப்ரிகாபலினையும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அக்காவுக்கு இரண்டு நாள் என்மேல் கோபம். மூன்றாம் நாள் மோர் வந்தது.

எங்கள் வீட்டுக்காரர், கடைப்பையன் விஷயம் ஊரில் பரவியதும், "நாளையிலேர்ந்து அதை நிறுத்திடு, வம்பே வேணாம்" என்றார். நிறுத்தவில்லை. இந்த வகை மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் பழைய பதற்றமும் தூக்கமின்மையும் இரட்டிப்பாகத் திரும்பும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். வலிப்புக்கும் பதற்றத்துக்கும் இரண்டுக்கும் கொடுக்கிற குளோனசிபாம் இன்னும் மோசம். நாள்பட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு இல்லாதவருக்கும் வலிப்பு வரக்கூடும். அத்தையின் தம்பி கதையைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டுக்காரரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற மருந்து குடித்தால் இரண்டு மணி நேரம் விட்டுத்தான் இந்தக் கேப்ஸ்யூலைப் போட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் அந்த ரோஸ் கலர் பாட்டில் இல்லாத அலமாரி ஏது?

இளம் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கை மகள் கரூரில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு வருஷம். ஒற்றைத் தலைவலிக்காக அவள் சாப்பிட்டு வந்தது வால்ப்ரோயேட். இதுவும் வலிப்பு மருந்துதான். தலைவலிக்கும் மனநிலைக் கோளாறுக்கும்கூடக் கொடுப்பார்கள். "பெரியம்மா, நீங்களும் இந்த மாதிரிதானே சாப்பிடறீங்க" என்று அவள் போனில் பெயரைச் சொன்னதும், சின்னவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கர்ப்பமாக இருக்கும்போது வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பிறக்கிற பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு உடலில் குறை இருக்கக்கூடும். பத்தில் மூன்று, நாலு குழந்தைகளுக்குப் பேச்சு, புத்தி வளர்ச்சி பின்தங்கக்கூடும். 2018-லிருந்து ஐரோப்பாவில் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யாமல் இளம் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று விதி. கரூர்ப் பெண் தானாக நிறுத்தவில்லை. மறுநாளே டாக்டரிடம் போய், குழந்தைக்கு ஆசைப்படுகிறோம் என்று சொன்னாள். அவர் முறைப்படி குறைத்து, வேறு மாற்றிக் கொடுத்தார். அவள் கல்யாணமான பெண் என்று தெரிந்தும் அதுவரை இதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி வரன் விஷயம். துறையூர்ப் பக்கம் ஒரு இடம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. பூ வைக்க நாள் பார்க்கிற சமயத்தில் பையனின் அம்மா போன் பண்ணினார். "சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு வலிப்பு இருக்காமே?" நான் இருப்பதை இருக்கிறபடி சொன்னேன். டாக்டரம்மாவிடம் எழுதியும் வாங்கித் தருகிறேன் என்றேன். பத்து நாள் கழித்து ஜாதகத்தில் ஏதோ தோஷம் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நாலு மாதமாகத் தெரியாத தோஷம்!

அந்தப் பத்து நாளும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ரவிக்கை தைத்துத் தருகிற பெண்ணுக்கு நிஜமாகவே வலிப்பு உண்டு. மருந்து தவறாமல் சாப்பிடுகிறாள். ஐந்து வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. அவள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், 'எனக்கு அது இல்லை, எனக்கு அது இல்லை' என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவது அவள் காதில் எப்படி விழும் என்று தோன்றும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு இருந்தால் திருமணம் செல்லாது என்று சொல்ல இடம் தருகிற ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லை 1999-இலேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது, நம் திண்ணைகள் விடவில்லை. பெரிய மகள் என்னைவிடத் தெளிவு. "இதுக்கே பயந்து ஓடறவங்க, நாளைக்கு எனக்கோ குழந்தைக்கோ நிஜமா ஏதாவது வந்தா என்ன செய்வாங்கம்மா? போகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்து நாமக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இந்தத் தடவை காபி கொடுத்த கையோடு நானே ஆரம்பித்தேன். இன்ன மருந்து சாப்பிடுகிறேன், இன்னதற்காக, ஊரில் இப்படி ஒரு பேச்சு உண்டு என்று. கூடத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பையனுடைய பாட்டி தன் சுருக்குப் பையைத் திறந்து, ஒரு அட்டையை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இதுவா பாரும்மா. சர்க்கரையில கால் எரியுதுன்னு எனக்கு மூணு வருஷமாக் குடுக்கறாங்க." அதேதான்! அத்தையும் அந்தப் பாட்டியும் அப்புறம் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து மாத்திரைக் கதை பேச ஆரம்பித்தவர்கள், பெண் வந்து நின்றதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முடிவாகச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு மாதவிலக்கு நின்று சூடும் பெரும்பாலும் அடங்கிவிட்டதால், டாக்டரம்மா மருந்தைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறார். 300-லிருந்து 200, இப்போது 100. குறைத்த முதல் வாரம் இரண்டு ராத்திரி விழிப்பு வந்தது, கீரை ஆய்ந்தேன். தேதி போட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அத்தை அதைச் சமையலறைக் காலண்டரில் குத்தி வைத்து, ஒவ்வொரு ராத்திரியும் நான் மாத்திரை போட்டதும் பென்சிலால் ஒரு கோடு போடுகிறார். இன்னும் பதினொரு கோடு பாக்கி.